லேசர்க் கிரணம் குறி தவறாதிருக்க

வண்டிச் சக்கரத்தில் இரும்புப் பட்டையைக் காய்ச்சி ஏற்றும் கொல்லனுக்கு அனுகூலமாக அமைந்த, சூடேறினால் நீளும் உலோகத்தின் குணமே, செயற்கைக்கோளில் லேசர்த் தொடர்புக் கருவியை அமைப்பவருக்குத் தீராத உபத்திரவமாகிறது. 2001 நவம்பரில் ஆர்ட்டெமிஸ், ஸ்பாட்-4 என்னும் செயற்கைக்கோள்கள் 30,000 கி.மீ.க்கு மேற்பட்ட தூரத்தில் லேசரால் செய்தி பரிமாறிக்கொண்டன. அத்தூரத்தையே அளவாகக் கொண்டு, முதலில் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட வேண்டும்.

கிரணத்தை அனுப்பும் தொலைநோக்கியை ஏந்தும் இரண்டு அலுமினியத் தண்டுகள் தலைக்கு 30 செ.மீ. நீளமும், தமக்குள் 10 செ.மீ. இடைவெளியும் உடையனவாயின், ஒன்று மற்றதைக் காட்டிலும் 1 டிகிரி செல்சியஸ் அதிகமாகச் சூடேறினாலே ஏறத்தாழ 7 மைக்ரான் நீண்டு, கிரணத்தை 70 மைக்ரோரேடியன் சாய்த்துவிடும். 10 மைக்ரோரேடியன் மட்டுமே விரிகின்ற கிரணம் 30,000 கி.மீ. தூரத்தில் 300 மீட்டர் அகல வட்டமாக விழுமாதலால், அச்சாய்வால் 2 கி.மீ. விலகிய பின் அது எவர் கண்ணிலும் படாது. ஆகவே உஷ்ணத்தின் அளவைவிட அதன் ஏற்றத்தாழ்வே அஞ்சத்தக்கது. கண்ணாடிகளும் சட்டமும் ஒரே உலோகமாய் ஒரே சீராகச் சூடேறினால், கருவி பெருக்குமேயன்றிக் கோணாது. இன்வார் என்னும் கலப்புலோகம் அலுமினியத்தைப்போல் இருபதில் ஒரு பங்கே நீளும் என்று அதை நாடுவோர், அது கனமானது, உஷ்ணத்தை மந்தமாகவே கடத்துவது என்பதையும் எண்ண வேண்டும்.

அடுத்து, காற்றில்லாத வெளியில் உஷ்ணம் கடத்தலாலும் கதிர்வீச்சாலுமே வெளியேறுமாதலால், லேசர்ப் பெருக்கியின் சூடு தொலைநோக்கியை அணுகாமல் தனிவழியே கதிர்வீசும் தகட்டுக்குப் போகும்படி செய்க. கண்ணாடியை மூன்றே இடங்களில், வளைந்து கொடுக்கும் தாங்கிகளால் பிடிப்பது உத்தமம்.

பின்னர் அதிர்வுப் பரீக்ஷை. ராக்கெட்டின் குலுக்கலை ஒத்த பரீக்ஷையை எல்லோரும் பயபக்தியோடு கவனிக்கிறார்கள். அதற்கு முன்னும் பின்னும் மெல்லிய அதிர்வு கொடுத்துக் கருவியின் இயல்பான அதிர்வெண்ணை ஒப்பிடுவதில்தான் அசட்டை. அந்த எண் குறைந்திருந்தால் ஒரு திருகு தளர்ந்திருக்கும், அல்லது பசை விண்டிருக்கும். கிரணத்தின் திசையையும் அவ்வாறே இருமுறை அளந்து குறித்துக்கொள்ள வேண்டும்.

இதன் பிறகே வெற்றிடச் சூட்டறை. அதிர்வு மறைத்து வைத்த விரிசலை உஷ்ணம் வெளிப்படுத்திவிடும். லேசரை எரியவிட்டு, வேண்டுமென்றே ஒரு பக்கத்தை மட்டும் சூடாக்கி, கிரணம் எவ்வளவு நகர்கிறது என்று பார்க்க வேண்டும். இருபக்கமும் சமமாகச் சூடாக்கிச் செய்யும் பரீக்ஷையை மட்டும் நம்புவது பேதைமை.

இறுதியாக, கருவியைச் செயற்கைக்கோளில் பூட்டிய பின், அதன் திசையைத் திருப்பும் சுழல் சக்கரங்களைப் பல வேகங்களில் ஓட்டி, எந்த வேகத்தில் கிரணம் நடுங்குகிறதென்று குறித்து, விரைந்து அசையும் திருத்தக் கண்ணாடியால் அடக்க முடியாத வேகங்களை விலக்கும்படி இயக்குவோருக்கு எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.