ஞாயிற்றுக்கிழமை சமைத்து வைக்க எந்த ஊர்ச் சமையல்?

ஞாயிறு காலை இரண்டு மூன்று மணி நேரம் அடுப்படியில் நின்றுவிட்டால் வியாழன் வரை சமாளித்துவிடலாம் என்று இப்போது பல வீடுகளில் கணக்குப் போடுகிறார்கள். இருவரும் வேலைக்குப் போகும் வீட்டுக்கு இது நல்ல கணக்கு. வெளியே வாங்கிச் சாப்பிடுவது குறையும், எண்ணெயும் உப்பும் நம் கையில் இருக்கும். ஆனால் எதைச் சமைத்து வைப்பது? நம் குழம்பா, மெக்சிகோவின் பீன்ஸா, லெபனான் பக்கத்து ஹம்முஸா, கொரியத் தொடுகறியா, சைனீஸ் வதக்கலா? ருசியை மட்டும் பார்த்து முடிவு செய்தால் புதன்கிழமை டப்பாவைத் திறக்கும்போது முகம் சுளிக்க நேரும். ஒவ்வொரு பதார்த்தத்தையும் பார்த்து ஒரு கேள்வி கேளுங்கள்: இது எதனால் கெடாமல் இருக்கிறது? உப்பாலா, புளிப்பாலா, எண்ணெயாலா, வெறும் குளிராலா? நாள்பட நிற்பதெல்லாம் உடம்புக்கு நல்லது என்று சொல்ல முடியாது என்பது அப்போது புரியும்.

நம் வத்தக்குழம்பையே எடுத்துக்கொள்வோம். புளியும் உப்பும் நல்லெண்ணெயும் சேர்ந்துதான் அதைக் காக்கின்றன. ஃப்ரிட்ஜில் ஒரு வாரம் தாராளமாக இருக்கும். தொட்டுக்கொள்ளும் அளவில் அருமையான பண்டம். ஆனால் வாரம் முழுக்க அதையே சோற்றில் பிசைந்து சாப்பிட்டால் வெள்ளைச் சோறும் உப்பும்தான் உள்ளே போகும். பருப்பும் காய்கறியும் தனியாக வேண்டும். தேங்காய் போட்ட பொரியல், கூட்டு, சட்னி எதையும் முன்கூட்டிச் செய்யாதீர்கள், மறுநாளே வாடை மாறிவிடும். நம் சமையலில் முன்தயாரிப்புக்கு ஈடில்லாதது இட்லி மாவுதான். திங்களும் செவ்வாயும் இட்லி, புதன் தோசை, வியாழன் புளிப்பேறியதும் கேரட்டும் வெங்காயமும் தூவி ஊத்தப்பம். மாவு புளிப்பதையே திட்டமாக்கிக்கொள்ளும் இந்த ஏற்பாடு நம் அம்மாக்கள் காலத்திலிருந்தே இருக்கிறது.

முதன்முதலாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது மேற்காசியச் சமையலைத்தான். காரணம் கொண்டைக்கடலை. வெந்த கொண்டைக்கடலை 100 கிராமில் சுமார் 9 கிராம் புரதமும் 7 கிராமுக்கு மேல் நார்ச்சத்தும் உண்டு. அதே எடை வெள்ளைச் சோற்றில் புரதம் 3 கிராமைத் தொடாது, நார்ச்சத்து அரை கிராம் இருந்தால் அதிகம். சர்க்கரை நோயாளி இருக்கும் வீட்டில் இந்த வித்தியாசம் பெரிது.

வெள்ளைக் கொண்டைக்கடலையை இரவே ஊறப்போட்டு, தண்ணீரை மாற்றி, ஒரு சிட்டிகை சோடா உப்புடன் குக்கரில் குழைய வேகவிடுங்கள். இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து அழுத்தினால் எதிர்ப்பே இல்லாமல் மசிய வேண்டும். சுண்டல் பதத்தில் இறக்கினால், கடலையை அரைத்துச் செய்யும் ஹம்முஸ் திப்பிதிப்பியாகத்தான் வரும். தஹினி பாட்டிலுக்குக் காசைக் கொட்ட வேண்டாம். வெள்ளை எள்ளை நிறம் மாறாமல் லேசாக வறுத்து, சிறிது எண்ணெய் விட்டு மிக்ஸியில் கூழாக அரைத்தால் அதுதான் தஹினி. அதில் எலுமிச்சைச் சாறு, ஒரு பல் பூண்டு, உப்பு, கடலை சேர்த்து, ஐஸ் தண்ணீரைக் கரண்டி கரண்டியாக விட்டுக்கொண்டே அரையுங்கள். நிறம் வெளுத்து, வெண்ணெய் போலத் திரளும்போது நிறுத்துங்கள். இதில் எலுமிச்சைப் புளிப்பு கொஞ்சம் இருந்தாலும் காப்பது குளிர்தான். அதனால் மூன்று நான்கு நாளுக்கு மேல் வைக்கக் கூடாது. மொத்தக் கடலையையும் ஹம்முஸாக்காமல், பாதியை வேகவைத்தபடியே ஃப்ரீசரில் போடுவது புத்திசாலித்தனம். ஒரு நாள் சுண்டல், ஒரு நாள் சப்பாத்திக்குச் சன்னா, ஒரு நாள் வெள்ளரி தக்காளியோடு சாலட் என்று ஒரே குக்கர் மூன்று ஊர்ச் சமையலுக்கு உதவும்.

மெக்சிகோவின் வழியும் இதே போன்றதுதான், குழந்தைகளுக்கு இன்னும் பிடிக்கும். வெந்த ராஜ்மா, கொஞ்சம் சோறு, மேலே பச்சையாக நறுக்கிய தக்காளி, வெங்காயம், மிளகாய், கொத்தமல்லி, எலுமிச்சை. ராஜ்மாவை வெந்த தண்ணீரோடு சேர்த்து உறையவைத்தால் மாதக்கணக்கில் நிற்கும். ஒன்றில் மட்டும் கவனம் தேவை. பச்சை ராஜ்மாவில் உள்ள லெக்டின் என்ற நச்சு கடும் வாந்தியை உண்டாக்கும். எட்டு மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, குக்கரில் நன்றாக வேகவிட்டால் பயமில்லை. மிதமான சூட்டில் மணிக்கணக்காக வேகவைக்கும் மின்பாத்திரங்களில் நேரடியாகப் போடாதீர்கள்.

கொரியர்களின் பஞ்சான் எனும் சின்னச் சின்னத் தொடுகறிகள் பார்க்கவே ஆசையாக இருக்கும். பசலைக்கீரையை அரை நிமிடம் கொதிநீரில் போட்டெடுத்து, குளிர்ந்த நீரில் அலசிப் பிழிந்து, எள்ளெண்ணெயில் பிசறுவது எளிது, நல்லதும்கூட. ஆனால் அந்தச் சமையலின் முதுகெலும்பு சோயா சாஸும், காய்கறியை உப்பிட்டுப் புளிக்கவைத்த கிம்ச்சியும். இரண்டையும் காப்பதில் உப்புக்குப் பெரிய பங்கு உண்டு. ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸில் சுமார் 900 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராமுக்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ரத்தக்கொதிப்பு மாத்திரை சாப்பிடும் பெரியவர்கள் இருந்தால் வாரச் சாப்பாட்டுக்கு இதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

சைனீஸ், தாய் வதக்கல்களைச் சமைத்து வைப்பதில் அர்த்தமில்லை, காய் துவண்டுவிடும். பீன்ஸ், கேரட், முட்டைக்கோஸை நறுக்கி டப்பாவில் வையுங்கள். சமைப்பது ஐந்து நிமிட வேலை, அதை அன்றன்றைக்கே செய்துவிடலாம்.

எந்த ஊர்ச் சமையலானாலும் சோற்றில் மட்டும் அசட்டை கூடாது. அரிசியில் இருக்கும் பேசிலஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் கொதித்தாலும் சாவதில்லை. சோறு வெளியிலேயே ஆறிக் கிடந்தால் அவை பெருகி நச்சை விடும். பிறகு எவ்வளவு சூடாக்கினாலும் அந்த நச்சு போகாது. மிஞ்சிய சோற்றை அகலத் தட்டில் பரப்பி ஆறவைத்து, ஒரு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்து, மறுநாளே தீர்த்துவிடுங்கள். என்னைக் கேட்டால் சோற்றை வாரத் தயாரிப்பில் சேர்க்கவே வேண்டாம். அரைப்படி அரிசி குக்கரில் வேக எவ்வளவு நேரமாகும்?

மின்வெட்டு அடிக்கடி வரும் இடத்தில் இருப்பவர்கள் நான்கு நாளை இரண்டாகக் குறைத்துக்கொள்ளுங்கள். கதவைத் திறக்காமல் இருந்தால் ஃப்ரிட்ஜ் சுமார் நான்கு மணி நேரம்தான் குளிரைப் பிடித்து வைக்கும். பெரிய டப்பா ஒன்றுக்குப் பதில் ஒரு வேளைக்கு ஒன்றாகச் சிறிய டப்பாக்கள் வாங்கி, மூடியில் தேதி எழுதி ஒட்டுங்கள். தேவையானதை மட்டும் எடுத்து, நடுவிலும் ஆவி பறக்கும்வரை ஒரே முறை சூடாக்குங்கள்.