குருளையின் நெஞ்சொலி

நாய், பன்றி, புலி, முயல் என்னும் விலங்குகளின் இளமைக்குக் குருளை என்பது பெயர் எனத் தொல்காப்பிய மரபியல் கூறும். குட்டி, பறழ் என்னும் பெயர்களும் அவற்றிற்கு விலக்கப்படவில்லை. இளமைக்கென்று தனிப்பெயர்கள் வகுத்த நம் முன்னோர், அதனை முதுமையின் சிறு வடிவமாகக் கருதாது, தனக்கென இயல்புகளையுடைய ஒரு தனிநிலையாகவே கொண்டனர் போலும். நாய்க்குட்டியின் மார்பிற் கேட்கும் ஓர் ஓசையைப் பற்றி அறியப் புகுவார்க்கும் இதுவே முதற்பாடமாம்.

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு முதலிய ஊர்களில் வாழ்வோர் நாயோடு பழகாதவரல்லர். தோல் பதனிடும் சாலைகளின் வாயிலிற் காவல் கிடப்பனவும், தெருவிலே பிறந்து தெருவிலே வளர்வனவும், விலை கொடுத்து வாங்கி இல்லத்தில் வளர்க்கப்படுவனவும் எனப் பல திறத்தன நம்மிடையே உள. ஒருவர் ஒரு குட்டியை வாங்கி, அதன் ஆறாவது அல்லது எட்டாவது வாரத்தில் முதல் தடுப்பூசிக்காகக் கால்நடை மருத்துவரிடம் எடுத்துச் செல்கின்றார் என வைத்துக்கொள்வோம். மருத்துவர் மார்பிற் குழாய் வைத்துக் கேட்டு, "இதயத்தில் ஒரு முணுமுணுப்பு இருக்கிறது" என்கின்றார். இதயம் என்னும் சொல் காதில் விழுந்த அளவிலே வாங்கியவர் அஞ்சிக் குட்டியைத் திருப்பிக் கொடுக்க விரைவர். விற்றவர் ஏற்க மறுப்பர். இருவர்க்கும் நடுவே குட்டி தெருவிற்கு வந்துவிடும். ஒரு சொல்லின் பொருளைப் பிழைபட உணர்வதால் ஓர் உயிர்க்கு இடர் நேர்கின்றது. ஆதலின் அச்சொல்லின் பொருளை ஆராய்தல் வீண் வேலையன்று.

ஓசை பிறக்கும் வகை

நாயின் இதயமும் நம் இதயம் போலவே நான்கு அறைகளை உடையது. குருதி முன்னோக்கியே செல்லுமாறு அவ்வறைகளுக்கு வாயிற் கதவுகள் போன்ற வால்வுகள் அமைந்துள்ளன. இக்கதவுகள் மூடும்பொழுது எழும் இரண்டு ஒலிகளையே மருத்துவர் கேட்கின்றனர். அவ்விரண்டிற்கும் இடையே அமைதி நிலவுதல் இயல்பு. அவ்வமைதியில் உஸ் என்று இழுபடும் ஓர் ஓசை கேட்குமாயின் அதற்கே முணுமுணுப்பு என்று பெயர்.

பாலாற்றில் வெள்ளம் வரும் நாளில் இதன் காரணத்தைக் கண்ணாற் காணலாம். பரந்த மணலின்மீது நீர் ஓசையின்றிச் செல்லும். பாலத்தின் தூணைச் சுற்றியும் குறுகிய மதகின் வாயிலும் சுழித்து இரையும். அவ்வாறே குருதியும் அமைதியாகச் செல்லுமிடத்தில் ஒலிப்பதில்லை. விரைந்தோ, நெருக்குண்டோ, பின்னோக்கிக் கசிந்தோ செல்லுமிடத்திற் சுழித்து ஒலிக்கும். ஆகவே முணுமுணுப்பு என்பது நோயின் பெயரன்று, ஓர் ஓசையின் பெயரேயாம். அதன் காரணத்தை வேறாகத் தேடிக் காணல் வேண்டும்.

பாரிஸ் நகரில் லென்னெக் என்னும் மருத்துவர் 1816-ஆம் ஆண்டில் காகிதத்தைச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டமையே இன்றைய மார்பொலிக் குழாயின் தொடக்கம். கேட்கும் ஓசையை ஆறு படிகளாகப் பகுக்கும் முறை 1933-இல் அமெரிக்க நாட்டு மருத்துவர்களான பிரீமன், லெவின் என்போரால் வகுக்கப்பட்டது. அமைதியான அறையில் உற்றுக் கேட்டாலன்றிப் புலப்படாதது முதற்படி. விலங்கு மருத்துவத்தில் இம்முறையைக் கையாளுவோர், மார்பிற் கை வைத்த அளவிலே அதிர்வு தெரியுமாயின் அதனை ஐந்தாம் படி என்பர். குழாயை மார்பிலிருந்து சற்றே விலக்கினும் கேட்பது ஆறாம் படி. எனினும் ஓசை பெரிதாயின் நோயும் பெரிது என்று துணிதல் ஆகாது. இதயத்தின் இடைச்சுவரிலுள்ள சிறு துளை பேரோசை செய்யும். பெருந்துளையோ மெல்லவே ஒலித்தலும் உண்டு.

குற்றமற்ற ஓசை

இளங்குட்டிகள் பலவற்றில் நோய் யாதுமின்றியே முணுமுணுப்புக் கேட்பதுண்டு. குட்டியின் இதயம் விரைந்து துடிப்பது. வளரும் உடலுக்கு வேண்டிய குருதியை அது மிகுதியாக வெளியேற்றுகின்றது. அன்றியும், பால்குடிப் பருவத்திற் குருதியிற் சிவப்பணுக்கள் வளர்ந்த நாய்க்கு இருப்பதினும் குறைவு. நீர்த்த குருதி விரைந்து செல்லுங்கால் எளிதிற் சுழித்து ஒலிக்கின்றது. இவ்வோசை மென்மையானது, முதல் இரண்டு படிகளுள் அடங்குவது, மூன்றாம் படியை அரிதாகவே எட்டுவது, இதயம் சுருங்கும் பொழுதில் மட்டும் சிறிதளவே கேட்பது, குட்டி கிடக்கும் நிலையும் துடிப்பின் விரைவும் மாறத் தானும் மாறுவது. இவ்வோசையுடைய குட்டி நன்றாக உண்ணும், விளையாடும், எடை கூடும். நான்கு அல்லது ஐந்து திங்கள் நிறையுமுன் ஓசை பெரும்பாலும் தானே மறைந்துவிடும். மருந்து வேண்டுவதில்லை.

குற்றமுள்ள ஓசை

பிறவிக் குறையால் எழும் ஓசைகளும் உள. அவற்றுள் தலையாயது ஒன்றை ஈண்டு விரித்துரைப்பாம். தாயின் வயிற்றிலிருக்கும் குட்டி நுரையீரலால் மூச்சு விடுவதில்லை. ஆதலின் நுரையீரலுக்குச் செல்லும் குருதியைப் பெருந்தமனிக்குத் திருப்பிவிட ஒரு சிறு குழாய் அமைந்துள்ளது. பிறந்த சில நாட்களில் அது மூடிக்கொள்ளல் வேண்டும். மூடாதொழியின் பெருந்தமனியின் குருதி இடையறாது நுரையீரலுக்குள் பாயும். இதயம் இரட்டிப்புச் சுமையைத் தாங்கித் தளரும். இவ்வோசை சுருங்கும்போதும் விரியும்போதும் ஓயாது எந்திரம் போல இரையும். இடப்பக்க முன்னங்காலின் அக்குளில் அது தெளிவாகக் கேட்கும். தொடையின் உட்புறத்து நாடி துள்ளியடிக்கும். பெட்டைக் குட்டிகளிலும், பொமரேனியன், பூடில் போன்ற இனங்களிலும் இக்குறை மிகுதி. சிகிச்சையின்றி விடப்பட்டவற்றுள் பாதிக்கு மேற்பட்டவை ஓராண்டு நிறையுமுன் இறந்துபடும் என்பர். காலத்தில் அக்குழாயை அடைத்துவிட்டால் பிற நாய்களைப் போலவே வாழும். ஆகவே இங்குப் பொறுத்திருத்தல் அறமன்று.

இக்குறை மக்கட் குழவிகளுக்கும் உண்டு. பாஸ்டன் நகரில் ராபர்ட் கிராஸ் என்னும் இளம் மருத்துவர் முதலில் நாய்களிடத்தில் பழகிப் பார்த்து, 1938-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியின் அக்குழாயைக் கட்டி அவளைப் பிழைப்பித்தார். நீலம் பாரித்த குழந்தைகளுக்கு 1944-இல் பால்டிமோர் நகரில் முதன்முதலாகச் செய்யப்பட்ட அறுவையும், மருத்துவப் பட்டமில்லாத கறுப்பினத்தவரான விவியன் தாமஸ் நாய்களிடத்தில் ஆண்டுக்கணக்கிற் செய்து தேர்ந்ததேயாம். அவற்றுள் பிழைத்து வாழ்ந்த ஆன்னா என்னும் நாயின் படம் அம்மருத்துவமனையில் இடம் பெற்றது. நம் வேலூரிலும் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1940-களின் இறுதியில் மார்பு அறுவைப் பிரிவு தொடங்கி, 1960-களின் தொடக்கத்தில் இதயத்தைத் திறந்து செய்யும் அறுவையும் நிகழ்ந்தது. அங்கு நலம் பெற்று மீளும் குழந்தைகளைக் காணும் நாம், அக்கலை எவ்வுயிர்களிடத்துப் பயிலப்பட்டதென்பதை மறத்தல் நன்றியன்று.

தெருக்குட்டியின் சோகை

நம் பகுதிக்கு மிகவும் வேண்டப்படுவது வேறொன்று. கொக்கிப்புழு தாய்ப்பாலின் வழியாகவே குட்டியின் குடலை அடைந்து குருதியை உறிஞ்சும். உண்ணியும் தெள்ளுப்பூச்சியும் வெளியிலிருந்து உறிஞ்சும். உண்ணி காய்ச்சலையும் தரும். குருதி நீர்த்துச் சோகை முற்றவே இதயத்தில் முணுமுணுப்பு எழும். இதயம் ஈண்டுக் குற்றமற்றது, குற்றம் புழுவினுடையது. உதட்டைத் தூக்கி ஈற்றைப் பார்த்தால் அது சிவப்பின்றி வெளுத்திருக்கும். இரண்டாவது வாரத்திலிருந்தே மருத்துவர் சொற்படி குட்டிக்கும் தாய்க்கும் புழு மருந்து கொடுத்து, உண்ணியையும் அகற்றினால் இச்சோகையைப் பெரும்பாலும் வராமலே காக்கலாம். சோகை தீர ஓசையும் தீரும். இதயநோய் என்று கைவிடப்படும் தெருக்குட்டிகளுள் சிறு செலவிற் பிழைக்கக் கூடியவையும் உள என்பதை நினைக்குங்கால் நெஞ்சம் வருந்துகின்றது.

செய்யத்தக்கன

தோற்சாலைகளில் தோலின் தரத்தை ஒருமுறை பார்த்து முடிவு செய்வதில்லை. பச்சைத் தோலாக வந்தபோது பார்ப்பர். மயிர் நீக்கிப் பதனிட்டபின் பார்ப்பர். மெருகேற்றியபின் மீண்டும் பார்ப்பர். முதலில் தெரிந்த கறை பின்னர் மறைதலும், முதலில் மறைந்திருந்த வடு பின்னர் வெளிப்படுதலும் உண்டென்பதை அவர்கள் அறிவர். குட்டியின் நெஞ்சொலிக்கும் இம்முறையே தக்கது. மெல்லோசை கேட்ட குட்டியைத் தடுப்பூசிக்காக வரும் ஒவ்வொரு முறையும் மீண்டும் கேட்கச் செய்தல் வேண்டும். ஐந்து திங்களுக்கு மேலும் ஓசை நீடிப்பினும், வரவர வலுப்பினும், முதலிலேயே உரத்தோ ஓயாதோ ஒலிப்பினும் ஒலியலைப் படம் எடுத்து நோக்குதல் வேண்டும். காட்பாடியிலிருந்து ஏறத்தாழ 130 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சென்னை வேப்பேரியில், 1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கின்றது.

குழாய் இல்லாத நாமும் சிலவற்றைக் காணலாம். குட்டி உடன்பிறந்தவற்றினும் மெலிந்திருக்கின்றதா? சிறிது ஓடியதும் சோர்ந்து விழுகின்றதா? நாக்கு நீலம் பாரிக்கின்றதா? மார்பிற் கை வைத்தால் பூனை குறுகுறுப்பது போல் அதிர்கின்றதா? உறங்கும்போது மூச்சு வரவர மிகுதிப்படுகின்றதா? இவற்றுள் ஒன்று காணினும் காலந்தாழ்த்தலாகாது. ஓசையே எழாத இதயநோயும் உண்டாதலின், ஓசையில்லாத குட்டியிடத்தும் இவற்றைக் கவனித்தல் நலம்.

சுருங்கக் கூறின், மெல்லோசைக்கு அஞ்சிக் குட்டியைக் கைவிடுதலும், பேரோசையைக் கேட்டும் வாளாவிருத்தலும் ஒருபடித்தாய பிழைகளேயாம். தன் நோயைத் தானே எடுத்துரைக்கும் ஆற்றல் குருளைக்கு இல்லை. அதன் நெஞ்சு ஒலிப்பதை ஒருமுறைக்கு மும்முறை கேட்டு முடிவு செய்தல் அதனை வளர்ப்போர் கடன்.