எவால்ட் யார் என்று எழுதவில்லையே, தம்பி!

அன்புள்ள தம்பிக்கு,

படிகவியல் விஞ்ஞானி ஜி. என். ராமச்சந்திரனைப் பற்றி நீ எழுதிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். இரண்டாம் முறை பென்சிலோடு. நோபல் கிடைக்கவில்லை, கிடைக்கவில்லை என்று பக்கத்துக்குப் பக்கம் புலம்பியிருக்கிறாய். 1999இல் அவருக்கு எவால்ட் பரிசு கிடைத்ததையோ அரை வரியில் தாண்டிவிட்டாய். எனக்குக் கோபம் வந்தது அங்கேதான்.

எவால்ட் யார்? 1912இல் மியூனிக்கில், படிகத்துக்குள் ஒளி எப்படிப் பரவுகிறது என்று ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த இளைஞர். அதைப் பற்றி அவர் லாவே என்ற இயற்பியலாளரிடம் போய்ப் பேசினார். படிகத்தின் வழியே எக்ஸ்ரேயைச் செலுத்திப் பார்த்தால் என்ன என்ற யோசனை லாவேக்கு அந்தப் பேச்சில்தான் பிறந்தது. 1914ஆம் ஆண்டு நோபல் லாவேக்குப் போனது. எவால்டுக்குக் கடைசிவரை இல்லை. ஆனால் படிகவியலாளர்களுக்கென்று ஒரு சர்வதேசச் சங்கம் அமையப் பாடுபட்டவர் அவர். 1948இல் தொடங்கிய ‘ஆக்டா கிரிஸ்டலோகிராஃபிகா’ இதழின் முதல் ஆசிரியரும் அவரே. ஊரார் ஆய்வுகளையெல்லாம் திருத்தி அச்சேற்றியவரின் பெயரில், மூன்றாண்டுக்கு ஒருமுறை, அந்தத் துறையே கூடித் தரும் பரிசு அது. அதைப் போய் ஆறுதல் பரிசு மாதிரி எழுதலாமா?

இன்னொன்று, ராமச்சந்திரனைப் பற்றி நீ எழுதிய ‘தனியொருவராக’ என்ற சொல். 1954இல் கொல்லாஜன் என்ற புரதத்தின் மூவிழைச் சுருளைச் சொன்ன கட்டுரையில் கோபிநாத் கர்த்தாவின் பெயரும் இருக்கிறது. புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் மடங்கலாம் என்று காட்டும், 1963இல் வந்த அந்தப் புகழ்பெற்ற வரைபடக் கட்டுரையில் சி. ராமகிருஷ்ணனும் வி. சசிசேகரனும் இருக்கிறார்கள். எந்தக் கோணத்தில் எந்த அணு எதனோடு முட்டும் என்று மேசைக் கணக்கு இயந்திரத்தில் தட்டித் தட்டிப் பார்த்த உழைப்பு அது. அவர்களை விட்டுவிட்டால் ராமச்சந்திரன் உயர்ந்துவிட மாட்டார்.

நான் படிகவியல் மாணவனாக இருந்தபோது எக்ஸ்ரே ஃபிலிமை விளக்குப் பெட்டியின் மேல் வைத்து, ஒவ்வொரு புள்ளியின் கருமையையும் ஓர் அளவுப் பட்டையோடு ஒப்பிட்டுக் கண்ணாலேயே மதிப்பிடுவோம். ஒருவர் எண்ணைச் சொல்ல, மற்றவர் நோட்டில் எழுதுவார். மாலைக்குள் கண் எரியும். எண் சொல்லச் சொல்ல எழுதிய என் சீனியர் ஒருவரின் பெயர் எந்தக் கட்டுரையிலும் வரவில்லை. அவர் குறித்த எண்கள் மட்டும் வந்தன. பாராட்டு விழா என்றாலே மேடையில் யார் இல்லை என்று என் கண் தேடுவது அதனால்தான். பிறர் ஆய்வுக்காக உழைத்த இன்னொருவரையும் சொல்கிறேன். 1965இல் ஓல்கா கென்னார்ட் கேம்பிரிட்ஜில் படிக அமைப்புத் தரவு மையத்தைத் தொடங்கினார். உலகம் முழுவதும் கண்டறியப்பட்ட படிக அமைப்புகளைச் சேர்த்து, பிழை பார்த்து, எவரும் எடுத்தாளும்படி வைத்த வேலை. சேவைக்கு மாலை போடுவதென்றால் முதல் மாலை இப்படிப்பட்டவர்களுக்குத்தான்.

அமினோ அமிலங்களை இணைக்கும் பெப்டைடு பிணைப்பின் இருபுறமும் உள்ள இரண்டு கோணங்களை நீ விளக்கிய பத்தி இருக்கிறதே, அடடா! ஒரு சூத்திரம் இல்லை, ஒரு படம் இல்லை. புரதம் ஏன் நினைத்தபடியெல்லாம் மடங்க முடியாது என்பது பள்ளிப் பிள்ளைக்கும் விளங்கும். தமிழில் இதை இவ்வளவு தெளிவாக நான் வேறெங்கும் படித்ததில்லை.

அதே கையால் கர்த்தாவைப் பற்றி எழுது. பின்னாளில் அமெரிக்கா போய், 1967இல் ரிபோநியூக்ளியேஸ் என்ற நொதியின் அமைப்பை வெளியிட்ட மூவரில் முதல் பெயர் அவருடையது. கைப்பிரதியை முதலில் எனக்கு அனுப்பு.

அன்புடன்,
உன் அண்ணன்