பேணுவார் ஏறும் படிகள்

நுழையும்முன்

முதியோரை இல்லத்திலேயே பேணும் பணியை யாரும் செய்யக்கூடிய வேலை என்று எண்ணுவோர் பலர். அப்பணியில் பெறும் பட்டறிவைத் தகுதியாக ஏற்று, உயர்பொறுப்புகளுக்கு வழியமைத்த ஜப்பானின் நடைமுறையை இப்பாடம் விளக்குகிறது.

கூர்நோக்கு என்னும் திறன்

உணவூட்டல், நீராட்டல், படுக்கையில் புரட்டிக் கிடத்தல் ஆகியன எளிய செயல்களாகத் தோன்றும். ஆயினும், நேற்று முழு உணவு உண்டவர் இன்று பாதியில் நிறுத்தினால், அது நோயின் அறிகுறியாகலாம். இடுப்பின் பின்புறம் தோல் சிவந்திருப்பது படுக்கைப் புண்ணின் தொடக்கமாகலாம். இவற்றை முதலில் காண்பவர் பெரும்பாலும் மருத்துவர் அல்லர்; நாள்தோறும் உடனிருக்கும் பராமரிப்பாளரே. இத்திறனுக்கு மதிப்பில்லையெனில், பத்தாண்டு பணியாற்றியவரும் நேற்றுச் சேர்ந்தவரும் ஒரே நிலையில் நிற்பர். திறமையுடையோர் வேறு தொழில் நாடுவர். இழப்பு முதியோர்க்கே.

பொறுப்புகளின் வளர்ச்சி

ஜப்பான் 1987ஆம் ஆண்டு பராமரிப்பாளர்க்குத் தேசியத் தகுதி வழங்கச் சட்டம் இயற்றியது. 2000ஆம் ஆண்டில் நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீடு நடைமுறைக்கு வந்தது. புதிதாக நுழைபவர் 130 மணிநேரத் தொடக்கப் பயிற்சி பெறுகிறார். அடுத்த நிலை 450 மணிநேரப் பயிற்சி. அதனை முடித்தவர் சேவைப் பொறுப்பாளராகி, வீட்டுப் பணிகளைத் திட்டமிட்டு, பிற பணியாளரை வழிநடத்தலாம். இப்பயிற்சியோடு மூன்றாண்டுப் பணி அனுபவமும் உடையவர், தேசியத் தேர்வெழுதி, 'கைகோ ஃபுகுஷிஷி' எனப்படும் சான்று பெற்ற பராமரிப்பாளர் ஆகலாம். 2012 முதல், உரிய பயிற்சி பெற்றோர் மருத்துவர், செவிலியருடன் இணைந்து சளியை உறிஞ்சி அகற்றுதல், குழாய்வழி உணவூட்டல் ஆகியவற்றையும் செய்கின்றனர். மேலும் பல ஆண்டுகள் பணியாற்றித் தேர்வில் வென்றவர் பராமரிப்பு மேலாளர் ஆகிறார். எவருக்கு எந்த உதவி, வாரத்தில் எத்தனை நாள் என்று திட்டமிட்டு, குடும்பத்தையும் மருத்துவரையும் இணைப்பவர் அவரே.

எனினும், அங்கும் பராமரிப்பாளர் பற்றாக்குறை நீடிக்கிறது. ஊதியமும் பிற துறைகளின் சராசரியைவிடக் குறைவு. பதவி உயர்வோடு ஊதியமும் உயர்ந்தால்தான் ஏணி பயன்தரும் என்பதே இதனால் பெறும் பாடம்.

தெரிந்து தெளிவோம்

தமிழ்நாட்டில் 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு 5 அன்று 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கப்பட்டது. இதில் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு தேடிச் சென்று, நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம் உடையோர்க்கு மருந்து வழங்குகின்றனர். இயன்முறை மருத்துவமும் நோய் ஆதரவுச் சேவையும் இல்லத்திலேயே அளிக்கப்படுகின்றன.

கற்பவை கற்றபின்...

உங்கள் பகுதியில் முதியோரைப் பேணும் ஒருவரைச் சந்தித்து, அவர் பணியில் கற்றுக்கொண்ட திறன்களைத் தொகுத்து வகுப்பறையில் பகிர்க.

குறுவினா
பராமரிப்பாளரின் கூர்நோக்கு முதியோர்க்கு எவ்வாறு பயன்படுகிறது?

நெடுவினா
தமிழ்நாட்டின் இல்லப் பராமரிப்பாளர்க்கு எத்தகைய படிநிலைகள் தேவை? காரணம் காட்டி விளக்குக.