பிறவிக் குறைபாடு: பழி வேண்டாம், முன்னேற்பாடு வேண்டும்



குழந்தை என்பது அல்லாஹ் நம்மிடம் ஒப்படைக்கும் அமானிதம். அந்தக் குழந்தை உதடு பிளந்தோ, பாதம் வளைந்தோ, இதயத்தில் ஓட்டையுடனோ பிறந்துவிட்டால் நம் வீடுகளில் முதலில் எழும் கேள்வி, "யாரால் இப்படி ஆனது?" என்பதுதான். பெரும்பாலும் விரல் பெற்றவளை நோக்கியே நீளுகிறது. மருமகளைத் தாய் வீட்டுக்கு அனுப்பிவிடும் அளவுக்குப் பேச்சு வளர்வதும் உண்டு. பிறவிக் குறைபாடு எப்படி உண்டாகிறது, எதை நம்மால் தடுக்க முடியும் என்று தெரிந்துகொண்டால் இந்தப் பழிக்கு இடமிருக்காது.

உலகில் பிறக்கும் குழந்தைகளில் நூற்றுக்கு சுமார் 6 பேருக்கு ஏதேனும் ஒரு பிறவிக் குறைபாடு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. ஆண்டுதோறும் சுமார் 2 லட்சத்து 40 ஆயிரம் பச்சிளங்குழந்தைகள் இதனால் பிறந்த 28 நாளுக்குள் இறக்கின்றன. எல்லா நாட்டிலும், எல்லாச் சமுதாயத்திலும் இது உண்டு. பல குழந்தைகளுக்குக் காரணம் இதுதான் என்று மருத்துவர்களாலும் குறிப்பிட்டுச் சொல்ல முடிவதில்லை.

1. மரபு வழி வருபவை

தலசீமியா என்னும் இரத்த நோயை எடுத்துக்கொள்வோம். தாய், தந்தை இருவருமே அந்தக் குறையுள்ள மரபணு ஒன்றைச் சுமந்துகொண்டு, எந்த நோயும் தெரியாமல் நலமாக இருப்பார்கள். இருவரிடமிருந்தும் அந்த மரபணு குழந்தைக்கு வந்து சேர்ந்தால்தான் கடும் நோய் வரும். ஒவ்வொரு பிரசவத்திலும் இதற்கு நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் அந்த நோய் வராது. அப்படியிருக்க, பெண்ணை மட்டும் எப்படிக் குற்றம் சொல்வது? பிறவிச் செவிட்டுத்தன்மையில் ஒரு பகுதியும் இவ்வாறே வருகிறது.

இங்கேதான் சொந்தத்தில் திருமணம் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு சுமார் 28 பேர் இரத்த உறவில் மணமுடித்தவர்கள். இது எல்லா மதத்தவரிடமும் உள்ள வழக்கம். அக்காள் மகளை மணப்பதை மார்க்கம் நமக்குத் தடுத்துவிட்டது. அத்தை, மாமா, சாச்சா பிள்ளைகளை மணப்பது ஆகும். ஆனால் அது அனுமதிதான், கட்டளை அல்ல.

இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகரில் 11 ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2013ல் வெளியானது. அங்குள்ள பாகிஸ்தானிய முஸ்லிம் குடும்பங்களில் இத்தகைய திருமணங்கள் அதிகம். உறவில்லாத பெற்றோரின் குழந்தைகளில் நூற்றுக்கு 3 ஆக இருந்த குறைபாடு, உறவில் மணந்தவர்களின் குழந்தைகளில் நூற்றுக்கு 6 ஆக இருந்தது. மீதி 94 குழந்தைகள் நலமாகவே பிறந்தார்கள். ஆகவே, ஏற்கெனவே உறவில் மணந்தவர்கள் பயந்து நடுங்க வேண்டியதில்லை. ஆனால் குடும்பத்தில் தலசீமியா, காது கேளாமை, காரணம் தெரியாத சிசு மரணங்கள் இருந்தால், அதே உறவுக்குள் மீண்டும் சம்பந்தம் பேசுமுன் மரபணு ஆலோசனை பெறுங்கள். தலசீமியா மரபணுவைச் சுமப்பவரை நிக்காஹுக்கு முன்பே ஓர் இரத்தப் பரிசோதனையில் கண்டறியலாம்.

2. முதல் 28 நாட்கள்

குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழாய், கரு உண்டான சுமார் 28 நாட்களுக்குள் மூடிக்கொள்கிறது. மாதவிலக்கு தள்ளிப்போய், பரிசோதித்து, மருத்துவரிடம் போவதற்குள் அந்த நாட்கள் கடந்துவிடும். அது சரியாக மூடாவிட்டால் முதுகில் கட்டியுடன் குழந்தை பிறக்கலாம். கால்கள் செயலிழக்கலாம். சிறுநீர் கட்டுப்பாடும் போகலாம்.

இதைப் பெருமளவு தடுப்பது ஃபோலிக் அமிலம் என்னும் சிறு மாத்திரை. முன்பு இத்தகைய குழந்தையைப் பெற்ற தாய்மார்களிடம் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய ஆய்வில், மாத்திரை எடுத்தவர்களுக்கு இக்குறைபாடு நூற்றுக்கு 72 அளவு குறைந்தது. ஆய்வு முடிவு வெளியான ஆண்டு 1991. கருத்தரிக்கும் முன்பிருந்தே தினமும் 400 மைக்ரோகிராம் எடுக்க வேண்டும். முன்பு இக்குறையுடன் குழந்தை பெற்றவர்களுக்கு அளவு அதிகம். அதை மருத்துவரே சொல்ல வேண்டும்.

பனியன் கம்பெனிக்குப் போகும் பெண்கள் காலை அவசரத்தில் எதையும் தவறவிடலாம். அந்த மாத்திரையை நினைவூட்டுவது கணவரின் வேலையாகவும் இருக்கட்டும்.

3. நோயும் மருந்தும்

ரூபெல்லா என்னும் அம்மை, கர்ப்பத்தின் தொடக்கத்தில் தாய்க்கு வந்தால் குழந்தையின் கண், காது, இதயம் பாதிக்கப்படலாம். இதை 1941ல் முதலில் கண்டறிந்து சொன்னவர் ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக். தமிழ்நாட்டில் 2017ல் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம் பள்ளிகளில் நடந்தது நினைவிருக்கும். உங்கள் பிள்ளைகளுக்கு இந்த ஊசி விடுபட்டிருந்தால் கேட்டுப் போடுங்கள். கர்ப்பிணிக்கு இதைப் போடக்கூடாது. மணப்பெண்ணுக்கு என்றால் கருத்தரிக்க ஒரு மாதத்துக்கு முன்பே போட்டுவிட வேண்டும்.

கட்டுப்பாடில்லாத சர்க்கரை நோயும் குழந்தையின் இதயத்தைப் பாதிக்கும். சர்க்கரை உள்ள பெண்கள் அதைக் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகே கர்ப்பத்துக்குத் தயாராக வேண்டும்.

தாலிடோமைடு என்னும் மருந்து 1957ல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்தது. கர்ப்பிணிகள் குமட்டலுக்கும் இதை உட்கொண்டார்கள். 1961ல் திரும்பப் பெறப்படுவதற்குள், உலகெங்கும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் கை கால் குறைந்தும் வேறு குறைகளோடும் பிறந்தன. மெடிக்கலில் நாமாகக் கேட்டு வாங்கும் மாத்திரையும், நாட்டு மருந்தும் கர்ப்ப காலத்தில் வேண்டாம். வலிப்பு நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் தாமாக நிறுத்திவிடாமல், கருத்தரிக்கும் முன்பே மருத்துவரைப் பாருங்கள்.

கிரகணம் காரணமா?

இல்லை. நபி (ஸல்) அவர்களின் மகன் இப்ராஹீம் மரணித்த நாளில் சூரிய கிரகணம் ஏற்பட்டது. இரண்டையும் இணைத்துப் பேசிய மக்களை நபியவர்களே திருத்தினார்கள். அப்படியிருக்க, கிரகணத்தன்று கர்ப்பிணி காய் நறுக்கியதால்தான் குழந்தைக்கு உதடு பிளந்தது என்று நாம் பேசலாமா?

பிறந்த பிறகு

காலம் தாழ்த்தாமல் இருப்பதே இங்கு பாதி மருத்துவம். வளைந்த பாதத்துக்குப் பிறந்த சில வாரங்களிலேயே வாராவாரம் மாவுக்கட்டு போடத் தொடங்கினால், பெரும்பாலும் பெரிய அறுவைச் சிகிச்சை இல்லாமல் நேராகும். பிளந்த உதட்டை மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் தைத்துவிடுவார்கள். காது கேளாமையைச் சீக்கிரம் கண்டறிந்தால் பிள்ளை பேசக் கற்கும்.

மத்திய அரசின் தேசிய சிறார் நலத் திட்டம் 2013ல் தொடங்கியது. இதன் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வந்து, பிறந்தது முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகளைப் பரிசோதிக்கிறது. தேவைப்பட்டால் மாவட்டத்தின் இடையீட்டுச் சேவை மையத்துக்கு அனுப்புகிறது. சிகிச்சை இலவசம். குழு வரும் நாளில், குறையுள்ள பிள்ளையை வெட்கப்பட்டு வீட்டில் மறைத்து வைக்காதீர்கள்.

நாம் செய்ய வேண்டியவை

- சம்பந்தம் பேசும்போதே இரு வீட்டு நோய் விவரங்களை ஒளிக்காமல் பேசுவோம்.
- நிக்காஹ் முடிந்ததும் மணமக்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஃபோலிக் அமிலம் பற்றிக் கேட்கட்டும்.
- 18 முதல் 20 வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேனைத் தவறவிட வேண்டாம். குறை தெரிந்தால் எந்த மருத்துவமனையில் பிரசவம் பார்ப்பது என்று முன்கூட்டியே முடிவு செய்யலாம்.
- குறையுள்ள குழந்தை பிறந்த வீட்டுக்குப் போனால் காரணம் விசாரிக்காமல், மருத்துவமனைக்குத் துணைக்கு வரட்டுமா என்று கேட்போம்.

பார்வையற்ற அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களை நபியவர்கள் மதீனாவில் பாங்கு சொல்பவராக ஆக்கினார்கள். அந்த உம்மத்தைச் சேர்ந்தவர்கள் நாம். நம் பிள்ளைகள் அனைவரையும் நலமாக வாழச் செய்வானாக, ஆமீன்.