மடிக்கணினிக்கு ஏற்ற ஜி.பி.எஸ். கருவியும் மென்பொருளும்

நெய்வேலியைச் சூழ்ந்த கிராமங்களில் நிலத்தின் அளவு சாதாரண விஷயமன்று. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் அவர்கள் தமது நிலத்தில் கிணறு எடுப்பித்தபோது வெளிப்பட்ட கரும்பழுப்புப் பொருளே இங்குப் பழுப்பு நிலக்கரி உண்டென்பதற்கு முதற் சான்றாயிற்று. 1956-ஆம் வருஷத்தில் நிலக்கரிக் கழகம் ஏற்பட்டது முதல், சுரங்கம் விரிய விரிய அதற்காக நிலங்கள் எடுக்கப்பட்டு வந்திருக்கின்றன. இழப்பீடு நிலத்தின் பரப்பைப் பொறுத்ததாதலால், ஒவ்வொரு சென்டும் பணமாகும். இதனாலேயே நிலச்சுவான்தார்கள் பலர், மடிக்கணினியில் இணைக்கத்தக்க ஜி.பி.எஸ். கருவி எது வாங்கலாமென்று கேட்கின்றனர். அவர்களுக்கும் கிராம உத்தியோகஸ்தர்களுக்கும் பயன்படுமாறு இவ்விஷயத்தைச் சுருக்கமாகக் கூறுவோம்.

கருவி வேலை செய்யும் விதம்

பூமியைச் சுற்றிவரும் செயற்கைக்கோள்கள் நேரத்தைக் குறிக்கும் ரேடியோ அலைகளை இடைவிடாது அனுப்புகின்றன. அவை வந்து சேரும் காலத்தைக் கொண்டு தூரத்தைக் கணக்கிட்டு, குறைந்தது நான்கு கோள்களின் உதவியால் கருவி தான் இருக்குமிடத்தை அறிகிறது. அமெரிக்க அரசாங்கத்தார் வேண்டுமென்றே இவ்வலைகளிற் கலந்துவந்த பிழையை 2000-ஆம் வருஷம் மே மாதத்தில் நீக்கினர். அது முதல், வெட்டவெளியில் சாதாரணக் கருவியின் பிழை பெரும்பாலும் 3 முதல் 5 மீட்டர் அளவில் நிற்கிறது. முந்திரித் தோப்பின் அடர்ந்த தழையும், சுரங்கத்தை ஒட்டிய உயரமான மண்மேடுகளும் அலைகளைத் தடுப்பதால், அவ்விடங்களில் பிழை இன்னும் மிகும்.

இருவகைக் கருவிகள்

முதல்வகை, யு.எஸ்.பி. கம்பியால் மடிக்கணினியில் செருகும் சிறு கருவி. விலை சொற்பம். மடிக்கணினியிலிருந்தே மின்சாரம் பெறுவதால் தனி பாட்டரி வேண்டுவதில்லை. புளூடூத் கருவிக்குக் கம்பியில்லையாயினும், பாட்டரி தீர்ந்தால் வேலை நின்றுவிடும். எதுவாயினும், இந்திய விமான நிலையங்களின் ஆணையமும் இஸ்ரோவும் சேர்ந்து நடத்தும் ககன் என்னும் திருத்த அலைகளையும் ஏற்பதாகப் பார்த்து வாங்குவது நலம்.

இரண்டாவது வகை, இரண்டு அலைவரிசைகளை ஏற்று, நிலையான தளத்திலிருந்து வரும் திருத்தத்தைக் கொண்டு சில சென்டிமீட்டர் அளவுக்குத் துல்லியம் தருவது. இந்திய நில அளவைத் துறையார் இத்தகைய திருத்தம் வழங்கும் நிலையங்களை நாட்டில் அமைத்திருக்கின்றனர். இக்கருவியின் விலை முதல்வகையைப்போல் பன்மடங்கு. ஆகவே ஒருவரே வாங்குவதைவிட, பலர் கூடி வாடகைக்கு அமர்த்துவது சிலாக்கியம்.

பிழை சென்டில் எவ்வளவு?

சதுரமான ஓர் ஏக்கர் நிலத்தின் ஒரு பக்கம் சுமார் 63.6 மீட்டர். ஒரு பக்க வரப்பு மாத்திரம் 3 மீட்டர் தவறினால் வித்தியாசம் சுமார் 190 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய 4¾ சென்ட். பத்து ஏக்கர் நிலத்தில் அதே தவறு சுமார் 15 சென்ட் ஆகும். ஏக்கருக்கு ஒன்றரை சென்டே ஆகிறது. எனவே விஸ்தீரணமான பயிர்ப் பரப்பை மதிப்பிடவும், வழி கண்டுபிடிக்கவும் மலிவான கருவி போதும். சிறு நிலத்தின் எல்லைக்கு அது உதவாது.

மென்பொருளில் கவனிக்க வேண்டுபவை

கருவி அறியாததை மென்பொருள் அறியாது. திரையில் கோடு மெல்லியதாகத் தோன்றுவதால் அளவு துல்லியமென்று எண்ணலாகாது. சாலையில் வழிகாட்டும் மென்பொருள் வேறு, நிலப்படம் வரையும் மென்பொருள் வேறு. பின்னதற்கு, விலையின்றிக் கிடைக்கும் க்யூ.ஜி.ஐ.எஸ். போதுமானது. எதைக் கொண்டாலும் கீழ்க்கண்டவற்றைப் பரீட்சிக்க வேண்டும்.

1. கருவிகளுக்குப் பொதுவான என்.எம்.இ.ஏ. 0183 என்னும் முறையை ஏற்கிறதா?
2. இணைய வசதியில்லாத வயலிலும் படத்தைக் காட்டுமா? படம் எந்த வருஷத்தியது? சுரங்கத்தின் அருகே பழைய படத்திலுள்ள பாதை இன்று இல்லாமற் போயிருக்கலாம்.
3. அட்சரேகை, தீர்க்கரேகைகளை ஐந்து தசம ஸ்தானங்களுக்குக் குறையாமல் காட்டுமா? ஐந்தாம் ஸ்தானம் சுமார் 1 மீட்டர். நான்காவதோடு நின்றால் 11 மீட்டர்.
4. டபிள்யு.ஜி.எஸ். 84 ஆதாரத்தில், நமது பகுதிக்குரிய 44-ஆம் வடக்கு மண்டலத்தில் மீட்டர்க் கணக்குத் தருமா? பழைய நில அளவைப் படங்கள் எவரெஸ்ட் ஆதாரத்தில் அமைந்தவை. இரண்டையும் கலந்தால் இடம் நூறு மீட்டருக்கு மேலும் விலகும்.

ஒரு பரீட்சை

சுமார் ஓர் ஏக்கர் முந்திரிக் கொல்லையில் யான் செய்து பார்த்ததைக் கூறுகிறேன். புலப்படத்தை மடிக்கணினியில் பொருத்தி, மலிவான கருவியுடன் காலையில் கிழக்கு வரப்பின்மேல் நடந்தோம். நடந்த கோடு படத்தின் எல்லைக்கு மேற்கே விழுந்தது. அயலார் தம் நிலத்துள் வரப்பைத் தள்ளிவிட்டாரென்று சொந்தக்காரர் கொதித்துக் கடப்பாரைக்கு ஆளனுப்பினார். அவரை அமர்த்தி, மாலையில் அதே வரப்பின்மேல் மறுபடியும் நடக்கச் செய்தேன். கோடு இப்போது எல்லைக்குக் கிழக்கே விழுந்தது. அக்கணக்குப்படி அவரே அயலாரின் நிலத்தைப் பிடித்தவராயினார்! வரப்பும் நகரவில்லை, கல்லும் நகரவில்லை. கருவிதான் தடுமாறிற்று. கடப்பாரை திரும்பிப் போயிற்று.

ஆகவே கருவி வாங்குவோர், பணம் கொடுக்குமுன் ஒரே அளவைக் கல்லின்மேல் வெவ்வேறு வேளைகளில் அதை வைத்து, எவ்வளவு விலகுகிறதென்று குறித்துப் பார்ப்பார்களாக. அவ்விலகலே அக்கருவியின் உண்மைத் தரமாகும். தமிழ்நாடு நில அளவை மற்றும் எல்லைகள் சட்டம் (1923) இருக்கையில், மடிக்கணினியிற் காணும் கோடு எல்லையை நிர்ணயிக்கமாட்டாது. ஐயம் ஏற்படுமிடத்து அதைக் குறிப்பாக வைத்துக்கொண்டு, முறைப்படி அளந்து தருமாறு விண்ணப்பிக்க வேண்டும். கல்லைப் பெயர்த்துவிட்டு வழக்காடுவதைவிட, கல்லிருக்கும்போதே அளப்பித்துக்கொள்வது குடிகளுக்குச் செலவும் பகையும் குறைந்த வழியாகும்.