கொடுக்கிறேனா? கொடுத்தேனா?

மும்பையில் தாராவி. இரவு வகுப்புக்கு ஓர் அக்கா வந்தார். கையில் ஒரு தாள்.

"தம்பி, வாடகைக்கு வீடு பிடித்தேன். டெபாசிட் 5000 ரூபாய் கொடுத்துவிட்டேன். வீட்டுக்காரருக்குத் தமிழ் தெரியாது. அதனால் இங்கிலீஷில் எழுதினேன். நாளைக்கு அவரிடம் கையெழுத்து வாங்கணும். சரியா இருக்கா, பாரு" என்றார்.

தாளில் இப்படி இருந்தது:

ஐ பே 5000 ருபீஸ் டெபாசிட்.

எழுத்தில் பிழை இல்லை. காலத்தில் பிழை இருந்தது. 'ஐ பே' என்றால் 'நான் கொடுக்கிறேன்'. பணம் கொடுத்தாகிவிட்டது என்று அது சொல்லவில்லை. வீட்டைக் காலி செய்யும்போது, "எந்தப் பணம்?" என்று அவர் கேட்டால்? அக்கா சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் அது.

ஒரு சொல்லை மாற்றினோம்:

ஐ பெய்ட் 5000 ருபீஸ் டெபாசிட்.
நான் 5000 ரூபாய் டெபாசிட் கொடுத்தேன்.

தேதி போட்டோம். வீட்டுக்காரர் கையெழுத்துப் போடும் இடத்தில் 'ஐ ரிசீவ்ட்' என்று எழுதினோம். 'நான் பெற்றுக்கொண்டேன்' என்று பொருள்.

எழுதும் முன் உங்களையே கேளுங்கள்: இது வழக்கமாக நடப்பதா? நடந்து முடிந்ததா?

வழக்கமாக நடப்பது நிகழ்காலம்.
ஐ பே ரென்ட் எவ்ரி மன்த்.
நான் மாதாமாதம் வாடகை கொடுக்கிறேன்.

முடிந்தது இறந்தகாலம்.
ஐ பெய்ட் ரென்ட் எஸ்டர்டே.
நான் நேற்று வாடகை கொடுத்தேன்.

இறந்தகாலச் சொற்கள் மூன்று வகை:

1. கடைசியில் 'ட்' ஒலி சேரும்: வொர்க் – வொர்க்ட், வாஷ் – வாஷ்ட்.
2. சொல்லே மாறும்: கோ – வென்ட், கம் – கேம், கிவ் – கேவ்.
3. மாறவே மாறாது: கட் – கட், புட் – புட்.

தமிழில் 'கொடுத்தேன், கொடுத்தார், கொடுத்தார்கள்' என்று ஆளுக்கு ஏற்ப மாறும். ஆங்கிலத்தில் எல்லாருக்கும் 'பெய்ட்' ஒன்றுதான். இது நமக்குச் சுலபம்.

மறுநாள் அக்கா தாளைக் கொண்டுவந்து காட்டினார். வீட்டுக்காரரின் கையெழுத்து இருந்தது.

பயிற்சி: சரியான சொல்லை எழுதுங்கள்.

1. நான் நேற்று வேலைக்குப் போனேன்.
ஐ ........ டு வொர்க் எஸ்டர்டே. கோ? வென்ட்?

2. நான் தினமும் வேலை செய்கிறேன்.
ஐ ........ எவ்ரி டே. வொர்க்? வொர்க்ட்?

3. முதலாளி போன வாரம் கூலி கொடுத்தார்.
ஹி ........ மீ லாஸ்ட் வீக். பேஸ்? பெய்ட்?

விடை: 1. வென்ட் 2. வொர்க் 3. பெய்ட்